நான் ஜெயிக்காத ஆட்டம்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், செல்போன் விளையாட்டில் ஐந்து மாதம் குட்டிப் பூதங்களைப் பிடித்து வளர்த்தேன். அவற்றை மோதவிட்டு ஜெயிக்க வேண்டிய கடைசி ராட்சசனிடம் மட்டும் ஏழு முறை தோற்றேன்.

எட்டாவது முறை என் கணவர், "குடு இங்கிட்டு, ஒனக்கு வராது" என்று போனைப் பிடுங்கி ஜெயித்துக் கொடுத்தார். நான் ஸ்கூட்டர் பழகியபோதும் இப்படித்தான் சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு தடவையும் சிரித்து வைத்தேன். அது என் தப்பு.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் ஆட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டு, முதல் பூதத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? அதான் ஜெயிச்சாச்சுல்ல?" என்றார் கணவர், அன்று ராத்திரி விஷயம் தெரிந்ததும்.

"நீங்க ஜெயிச்சீங்க. நான் ஜெயிக்கல."

நாலு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே ராட்சசன். என்னிடம் ஒரே ஒரு பூதம்தான் மிச்சம். பக்கத்திலிருந்து அவர் கை போனை நோக்கி நீண்டது.

"கைய எடுங்க."

எடுத்தார். ராட்சசன் விழுந்தான்.

போனைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன்.