குழாய்க்கு முன்பே வந்த வரிசை

புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடத்துக்கு ஒரு வாசனை உண்டு... கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஈரமண். ஐம்பதுகளில் ஓசூரில் எங்கள் தெரு அந்த வாசனையோடுதான் விடியும்.

கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்த புதிது. என் கணவர் ஹைஸ்கூல் வாத்தியார், தெருச் சங்கத்தின் காரியதரிசி. தலைவர் ஓய்வு பெற்ற ஃபாரஸ்ட் ரேஞ்சர். எல்லோருக்கும் ரேஞ்சர் ஐயா.

சங்கம் மாதம் ஒரு வீட்டில் கூடும். எந்த வீட்டில் கூடுகிறதோ அந்த வீட்டு மொழியில்தான் பேச்சு. தெலுங்கு வீடென்றால் தெலுங்கு, கன்னட வீடென்றால் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். நான் விரிக்கும் ஜமக்காளத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் அதில் உட்காருவது ஆண்கள் மட்டும். பெண்களுக்குக் கதவுக்கு உள்பக்கம்... காது உண்டு, வாய் கிடையாது.

அந்தக் கோடையில் பஞ்சாயத்து போர்டு எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் தருவதாகச் சொன்னது. ஆனால் ஓவர்சியர் இடம் குறிக்க வரும்போது தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குழாய் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

ரேஞ்சர் ஐயாவுக்குக் குழாய் தன் கேட்டுக்கு எதிரே வேண்டும். தலைவர் வீட்டு முன்னால் இருப்பதுதான் தெருவுக்கு மரியாதையாம். மற்றவர்களுக்கோ அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும், ஆனால் வாசலில் சேறு ஆகக்கூடாது. தெலுங்கில் சண்டை போட்டார்கள், கன்னடத்தில் போட்டார்கள், எங்கள் வீட்டில் தமிழிலும் போட்டார்கள். எந்த மொழியிலும் முடிவு வரவில்லை.

கடைசி வீட்டு ரத்னம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தெருக் கிணறுகள் வற்றிவிட்டதால், பெங்களூர் ரோட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்த்தான் நாங்கள் தண்ணீர் எடுத்தோம். அவளுக்கு இடுப்பில் கைக்குழந்தை வேறு. ஒருநாள் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனதில் அவள் குடம் ரோட்டில் உருண்டு நசுங்கியது. அதற்குப் பிறகு, அவள் திரும்பி வருகிற வரை எனக்கு அடுப்பில் கவனம் நிற்காது.

அந்தக் கிணற்றில் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். இடம் அப்படியே இருக்கும். அடுத்த வீட்டுக் குடத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

ஓவர்சியர் வருவதற்கு முந்தின நாள், கிணற்றடியில் ரத்னம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

“ஆம்பளைங்க பேசிக்கிட்டே இருக்கட்டும் அக்கா. நாம குடத்த வெச்சிட்டு வந்துடலாம்.”

“எங்கே வைப்பே?”

“புங்க மரத்துக்கிட்ட. தெருவோட ரெண்டு கோடிக்கும் நடு.”

குடங்கள் நிரம்புவதற்குள் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் புங்க மரத்தடியில் குடங்கள் வந்து சேர்ந்தன. கோணல் வரிசை எனக்கு ஆகாது. கான்வென்டில் பிரேயருக்கு நிற்பது போல ஒவ்வொன்றாக நேராக்கினேன். ரத்னம்மாவுக்குச் சிரிப்பு. “அப்படியே பொட்டு வெச்சு விடுங்க அக்கா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்.”

அப்போது ரேஞ்சர் ஐயாவின் மனைவி பார்வதம்மா வந்தார். கலைக்கச் சொல்வாரோ என்று பார்த்தோம்... அவர் இடுப்பிலிருந்த செப்புக் குடத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்.

“தினமும் விடிஞ்சா என் வாசல்ல உங்க சண்டையக் கேக்கணுமா? எனக்கு வேணாம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலைப் பலகாரத்தின்போது என் கணவர் சமையலறையைப் பார்த்தார்.

“குடம் ஒண்ணு குறையுதே.”

“தண்ணிக்குப் போயிருக்கு.”

“தண்ணியே இன்னும் வரலையே?”

“வரும்,” என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. புத்திசாலி.

ஓவர்சியர் வந்தார். ரேஞ்சர் ஐயா அவரைத் தன் கேட்டுப் பக்கம் அழைத்துப் போனார். ஓவர்சியரோ புங்க மரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

“யாரு இத வெச்சது? எடுங்க,” என்றார் ரேஞ்சர் ஐயா. ஒருவரும் தொடவில்லை. தானே எடுக்கலாம் என்று குனிந்தவர், முதலில் இருந்தது தன் வீட்டுச் செப்புக் குடம் என்று கண்டு மெல்ல நிமிர்ந்தார்.

“க்யூ நிக்குது, குழாய்தான் பாக்கி,” என்றார் ஓவர்சியர். “எல்லாரும் ஒத்துக்கிட்டீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?”

ரேஞ்சர் ஐயா தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் பார்வதம்மா நின்றிருந்தார்.

“இப்பத்தான் ஒத்துக்கிட்டோம்,” என்றார்.

மரத்தடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். சில வாரங்களில் தண்ணீர் வந்தது. முதல் குடம் ரத்னம்மாவுக்கு என்று பார்வதம்மாவே விட்டுக்கொடுத்தார். குழந்தை குழாயில் கை வைத்து எங்கள் எல்லோரையும் நனைத்தது. யாரும் நகரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எங்களுக்கும் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். “கதவுக்குப் பின்னால இருந்து பண்றத, முன்னால வந்தே பண்ணுங்க,” என்றார் ரேஞ்சர் ஐயா. தோற்ற மனிதர் அவர்தான். அன்று எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவரும் அவர்தான்.

இப்போது அதே ஓசூரில், சுற்றிலும் ஃபாக்டரிகளுக்கு நடுவே, மகனோடு அபார்ட்மென்டில் இருக்கிறேன். தண்ணீர் நாளெல்லாம் வருகிறது. அசோசியேஷனுக்குச் செக்ரட்டரி ஒரு சின்னப் பெண், கெட்டிக்காரி. அவளைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூட்டம்தான் கிடையாது. எல்லாம் போனில் ஓட்டு.

போன மாதம் விளையாட்டு மைதானம் பற்றிய ஓட்டில் நான் தோற்றுப்போனேன். யாரிடம் தோற்றேன் என்று இன்றுவரை தெரியாது...

அதனால், லிஃப்டில் வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைக்கிறேன்.