எண்ணிக்கை குறைந்ததும் திறந்த பூங்கா

கம்பம் போகிற சாலையில், உத்தமபாளையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. பெரிய ஊர்ப் பூங்காக்களைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். நாலு சறுக்கு, ஓர் அலைக்குளம், தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் சிமெண்ட் யானை, அவ்வளவுதான். உடை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. ஊரார் உடம்பில் ஊறிய நைலான் சட்டையை வாங்கி, அலசிக் காயப்போட்டு, அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அருவருப்பு என்பதே எனக்கு விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கொரோனா வந்து அந்த நினைப்பைத் திருத்தியது.

இரண்டாவது முறை ஊரடங்கு போட்டபோது முதலாளி பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். குளத்துத் தண்ணீர் அப்படியே நின்றது. நோய் கொஞ்சம் தணிகிறது என்று பேச்சு வந்ததும் எங்களைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். கேட்டைத் திறக்கும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. குளம் முழுக்கப் பச்சைப் பாசி. அதில் வயிறு உப்பிய தவளைகள், காற்றில் வந்து விழுந்த பழைய முகக்கவசங்கள். சறுக்கின் அடிவளைவில் ஒரு நாய்க்குட்டி செத்து ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தது அக்காதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. குளம் கழுவுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் இருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், புருசன் இல்லை, ஒரே மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார். இந்த வேலைக்கு வருமுன் அவருக்குப் பாதி வாழ்க்கை கேரளத்து ஏலத்தோட்டத்தில் போயிருந்தது. விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு குமுளி மலை ஏறுகிற பெண்களில் ஒருவராக இருந்து, பிறகு தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்திலேயே ஒற்றை அறை வாங்கித் தங்கியவர். எங்கள் பள்ளத்தாக்கில் இது சாதாரணம். பல குடும்பங்களுக்கு மலைக்குக் கீழே ஒரு விலாசம், மேலே ஒரு விலாசம். அக்காவின் ஆதார் அட்டையில் லயத்து விலாசம்தான் இருந்தது. கீழே வந்து வருசக்கணக்கானாலும் அவர் அதை மாற்றவில்லை. அது யாருக்கும் தப்பாகவும் படவில்லை.

மாவட்டங்களை நோய் எண்ணிக்கையைப் பார்த்து வகை பிரித்திருந்த நேரம் அது. எண்ணிக்கை குறைந்த மாவட்டத்துக்குத் தளர்வு, கூடின மாவட்டத்துக்குப் பூட்டு. எங்கள் மேனேஜர் தினமும் சாயங்காலம் செல்போனைப் பார்த்து தேனி மாவட்டத்து எண்ணை உரக்க வாசிப்பார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல எல்லோரும் சுற்றி நிற்போம். ஒரு நாள் நன்றாகக் குறைந்திருந்தது. ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் ஒரு வீட்டில் பிணத்தைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அந்த லட்டை நான் தின்னவில்லை.

பாசி வழித்து முடியும் நேரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. வாசனை தெரியவில்லை என்றார். "இந்தக் கொளத்து நாத்தமே தெரியலத்தா, நல்லதுதான் போ" என்று என்னிடம் சிரித்தார். பரிசோதனைக்குப் போகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு யோசித்தார். பூங்கா ஆளுக்கு நோய் என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடிப்பார்கள், எங்கள் எல்லோரையும் வீட்டில் அடைப்பார்கள், திறப்பு தள்ளிப்போகும்.

"தாராளமா எடும்மா, வேணாம்னு சொல்லல. ஆனா தோட்டத்து அட்ரஸக் குடு. இங்கன இருக்கேன்னு வாயத் தெறக்காத. அங்கன ஏற்கெனவே மலையாக் கெடக்கு. அதுல ஒண்ணு கூடுனா யாருக்குத் தெரியப் போகுது? நம்ம மாவட்டத்துக்கு ஒண்ணு கொறையும்ல" என்றார்.

ஏதோ பெரிய உதவி செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். "அங்கருந்து கூப்புட்டுக் கேட்டா அக்கா என்ன சொல்லுவாக?" என்றேன். "தொறந்ததும் மொத ஆளா ஒன்னத்தான் வேலைக்குக் கூப்புடுவேன்" என்று மேனேஜர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்கு அது போதும். அட்டையிலும் அந்த விலாசம்தானே இருக்கிறது, பொய்யா சொல்கிறோம் என்று என்னையே சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. நோய் உறுதி. எண்ணிக்கை மலை ஏறிப் போய்விட்டது, அக்கா கீழே தன் வீட்டில் படுத்துக் கிடந்தார். கஞ்சியை ஒரு தூக்கில் ஊற்றி அவர் வாசல்படியில் வைத்துவிட்டு வருவேன். மேலேயிருந்து சுகாதாரப் பணிப்பெண் போனில் கூப்பிட்டாராம். நல்ல மனுசி, மலையாளத்தில் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். லயத்தில்தான் இருக்கிறேன் என்று அக்காவும் மலையாளத்திலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெண் மாத்திரையை எடுத்துக்கொண்டு மழையில் மேடேறிப் போய்ப் பார்த்தால், லயத்துக் கதவில் பூட்டு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா பயந்து போனை அணைத்துப் போட்டுவிட்டார். கீழே எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து விரலில் கருவி மாட்டிப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு நோயாளி இருப்பதே தெரியாது. அவர்கள் வந்தபோதும் அக்கா கதவைத் திறக்கவில்லை.

ஒரு நாள் நான் கஞ்சி கொண்டு போனபோது முந்தின நாள் தூக்கு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. கதவைத் தள்ளினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு எட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் விவரத்தைத் தட்டிப் பார்த்தவர், "நோய் இருக்குன்னு தெரிஞ்சும் பார்டர் தாண்டி வந்திருக்கீகளே, அறிவு இருக்கா? எத்தன பேருக்குப் பரப்புனீக?" என்று சத்தம் போட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, திரையில் அப்படித்தான் இருந்தது. இவுக எங்கயும் தாண்டல சார், இங்கதான் இருந்தாக என்று நான் சொல்லச் சொல்ல, என்னையும் சந்தேகமாகப் பார்த்தார். அந்த வாக்குவாதம் முடிகிறவரை அக்கா சக்கர நாற்காலியில் தலை தொங்கிப்போய் இருந்தார். பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

மேனேஜருக்கு போன் செய்தேன். இங்கேதான் இருந்தார் என்று ஒரு வார்த்தை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "எனக்கென்னம்மா தெரியும்? அந்தம்மா வேலைய விட்டு நின்னு நாளாச்சே" என்றார். வாயில் ஏதோ மென்றுகொண்டே பேசினார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. போனைத் துடைத்துவிட்டு வைத்தேன்.

அக்கா பிழைத்தார். ஆனால் பழைய அக்கா இல்லை. பத்து எட்டு எடுத்து வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

அதற்குள் மாவட்டத்து எண்ணிக்கை இறங்கி, பூங்காக்களைத் திறக்கலாம் என்று உத்தரவும் வந்தது. வாசலில் பலூன் வளைவு, சானிடைசர், நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி. கேரளத்தில் இன்னும் எண்ணிக்கை குறையவில்லை என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் பலகை வேறு. சம்பளம் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? நானும் வேலைக்குப் போனேன். பாசி இருந்த தடத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்து, மூக்கு எரிகிற அளவுக்குக் குளோரின் கொட்டியிருந்தார்கள். ஜனம் விழுந்து புரண்டது. மூக்கைச் சிந்திக் குளத்திலேயே விட்டது.

பத்து மணி வாக்கில் வாசலில் அக்கா நிற்பதைப் பார்த்தேன். தலை சீவி, நல்ல சேலை கட்டி, வேலைக்கு வந்திருந்தார். வாட்ச்மேன் அவரை நிறுத்தியிருந்தார். அக்கா கொண்டு வரும் புளிச்சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்தான் அந்த வாட்ச்மேன்.

"சான்று இருக்காத்தா?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

"எனக்கெதுக்குப்பா சான்று? அந்தா தெரியுதுல தென்னந்தோப்பு, அதுக்குப் பின்னால தான என் வீடு."

"தெரியும். கேரளா கேஸ விடக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காக."

நான் கவுண்டரை விட்டு ஓடினேன். அதே நேரம் கேரள எண் போட்ட பெரிய கார் ஒன்று வந்து நின்றது. மேனேஜர் குடுகுடுவென்று வந்து கதவைத் திறந்துவிட்டு, "வரணும் சாரே, வரணும்" என்று பல்லைக் காட்டினார். அவர்களிடம் யாரும் சான்று கேட்கவில்லை. நெற்றியில் கருவியைக்கூட வைக்கவில்லை.

"இவுக என்கூட வேலை பாத்தவுக. அட்ரஸ மாத்திக் குடுக்கச் சொன்னது நீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. காரில் வந்தவர்களிடம், அந்தம்மாவுக்குக் கொரோனா வந்து போனது என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் தாடையில் கிடந்த முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காவிடமிருந்து விலகி, சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மேனேஜர் கையில் சானிடைசரை ஊற்றித் தேய்த்துக்கொண்டார்.

நான் அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். மூச்சு வாங்கி முடிகிறவரை காத்திருந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நீ உள்ள போ தாயி. ஒன்னையும் கேரளாக்காரின்னுருவாக."