தொட்டியில் கொட்டிய உப்பு

பிள்ளைகளே, உங்கள் அம்மா அடிக்கடி சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று இருக்கிறது. "பத்து மாசம் வாயே தொறக்கல உங்க அக்கா. கடைசியில எதுக்குத் தொறந்தா தெரியுமா? தண்ணிக்கு! பஸ்ஸுல வர்றப்ப அப்பாகிட்ட தண்ணி கேட்டாளாம்." சின்னவனே, நீ அதைக் கேட்டு எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாய். பெரியவளே, நீ ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. தலையைக் குனிந்து தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாய்.

அந்தத் தண்ணீர் நான் சொன்ன பொய். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். தப்பும் தவறுமாக வந்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். சின்னவனுக்குப் புரிய வேண்டும் என்பதால் பெரியவளை அக்கா என்றே எழுதுகிறேன்.

சின்னவனே, கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருப்பவன் உன் அண்ணன். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஐந்து வயது, அக்காவுக்கு ஒன்பது. மழைக்காலம் முடியவில்லை, உப்பளத்தில் வேலை தொடங்கவில்லை, நான் வீட்டில்தான் இருந்தேன். படகு கரைக்கு வருகிற நேரம் போனால் மீன் நயமாகக் கிடைக்கும் என்று அக்கா கையில் தூக்கு வாளியைக் கொடுத்து அனுப்பினேன். அண்ணன் தானும் போகிறேன் என்று அழுதான். அம்மா வேண்டாம் என்றாள். "எப்பப் பாத்தாலும் பொத்திப் பொத்தி வளக்காத" என்று அவளை அதட்டியது நான். "தம்பி கைய வுட்டுறாத" என்று அக்காவிடம் சொன்னதும் நான்.

அக்காவைச் சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி பார்த்தார்கள். அண்ணன் மூன்றாம் நாள் கிடைத்தான்.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. அழவும் இல்லை. வலது கையை மூடியே வைத்திருந்தாள். சோறு இடது கையால் தின்றாள். குளிப்பாட்டும்போது அம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோப்புப் போட்டால், விட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "உன் பேர் என்னா கண்ணு? சொல்லு பாக்கலாம். சொன்னா மிட்டாய் தருவேன்." நிவாரணம் கொடுக்க வந்தவர்கள், டாக்டர்கள், பூசாரி, பக்கத்து வீட்டார். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை ஆள் வருகிற சத்தம் கேட்டாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்.

அம்மாவுக்கு வேறு ஒரு வேதனை. எங்கள் ஆட்கள் உப்பைக் கையில் கொடுக்கமாட்டோம், கையில் வாங்கவும் மாட்டோம். கீழே வைப்போம், எடுத்துக்கொள்வார்கள். கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். நாள் முழுக்க உப்பிலேயே கிடக்கிற எங்களுக்கு அந்த பயம் மற்றவர்களைவிடக் கூடுதல். அலை வருவதற்கு முந்தின நாள் கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொள்ள அண்ணன் உப்புக் கேட்டிருக்கிறான். அடுப்பு வேலையாக இருந்த அம்மா யோசிக்காமல் ஒரு சிட்டிகை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். "நான்தான் குடுத்தேன், என் கையாலதான் குடுத்தேன்" என்று எத்தனை மாதம் அழுதாள். நான் தேற்றினேனே தவிர, அது சும்மா பேச்சு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கும் அந்த பயம் இருந்தது.

அடுத்த வருடம் ஆடி மாதம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா வந்தார். மெட்ராஸ்காரர், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். குயிலாப்பாளையம் பக்கம் குதிரை வைத்திருப்பதாகவும், அலையில் பயந்துபோன பிள்ளைகளைக் கூட்டிவந்து குதிரையோடு இருக்க விடுவதாகவும் சொன்னார். "குதிரை ஏத்தி விடுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "அவளுக்கா தோணுனா ஏறட்டும். சும்மா கூட நின்னாலே போதும்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் போகாமல் இருக்கத் தைரியமும் இல்லை.

அளத்தில் விஷயம் தெரிந்ததும் உப்பு வாருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஏம்பா, பொண்ணுக்குக் குதிரை வைத்தியமாமே? அப்பனுக்குக் கழுதை வைத்தியம் இருக்குதான்னு கேட்டு வா. ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டு" என்றான் ஒருவன். மேஸ்திரி அவனை முறைத்தார். நான் சிரித்துவிட்டு உப்பு வாருகிற பலகையை இழுத்தேன். வேறென்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பாண்டிச்சேரி பஸ் பிடித்து, பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, செம்மண் ரோட்டில் மேற்கே நடப்போம். இரண்டாவது வாரமே கண்டக்டருக்குப் பழக்கமாகிவிட்டது. "குதிரைக்கா பாப்பா? அதுக்கு ஏன் அவ்ளோ தூரம் போற, இந்த வண்டியே குதிரை மாதிரிதானே துள்ளுது" என்பார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பதில் சொல்லாததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிங்க மகாராணி" என்று விசிலை ஊதுவார்.

அது வயதான பெண் குதிரை. பழுப்பு நிறம், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. முன்பு கடற்கரையில் சவாரிக்கு ஓடியதாம், இனி ஓடாது என்று விற்றுவிட்டார்களாம். அதைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் அந்த ஊர்க்காரர், பீடி ஒன்றைக் காதில் செருகியிருப்பார். முதல் இரண்டு வாரம் அக்கா வேலிக்கு வெளியேதான் நின்றாள். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு மோடாவைப் போட்டு உட்கார்ந்து ஏதோ வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்கா அரை நாளை விட்டு வந்தோம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் குதிரை தானாக வேலி ஓரம் வந்தது. பார்வை இருந்த கண் பக்கமாக அக்காவைப் பார்த்தது, மூக்கை நீட்டியது. அக்கா அசையவில்லை. அது அவளுடைய மூடிய கையை மோந்து, நக்க ஆரம்பித்தது. எங்கள் உடம்பில் எப்போதும் உப்புதானே, அதற்கு அந்த ருசி பிடித்திருக்கும். நக்கிக்கொண்டே இருந்தது. நான் வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தன. யாரும் பிரிக்கவில்லை. உள்ளங்கை பிறந்த குழந்தையின் கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அதற்குப் பிறகு உள்ளே போனாள். பிரஷ் போட்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கயிறு இருந்தது வலது கையில். நடக்கச் சொல்வதற்குக் குதிரைக்காரர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக் டக்' என்று சொடுக்குவார். ஏழாவது வாரம் அவர் எங்கோ போயிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அக்காதான். எட்டு மாதத்துக்கு மேலாக அவள் வாயிலிருந்து வந்த முதல் சத்தம். குதிரை நடந்தது. அந்த அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், சும்மா இருங்க என்று கையைக் காட்டினார். நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டில் நாங்கள் இருவரும் தூங்கவில்லை. "பேசிருவா இல்ல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "பேசிருவா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் தப்பு அங்கேதான் தொடங்கியது. இவ்வளவு செய்கிறவர்களிடம் வெறுங்கையோடு போகிறோமே என்று எனக்கு உறுத்தியது. எங்களிடம் என்ன இருக்கிறது, உப்புதான் இருக்கிறது. மேஸ்திரியிடம் கேட்டு, அம்பாரத்தில் நல்ல வெள்ளையான கல்லுப்பாகப் பொறுக்கி, ஒரு துணிப்பை நிறைய எடுத்துக்கொண்டேன். புரட்டாசி கடைசி, வெயில் கொளுத்தியது.

குதிரைக்காரர் பையைப் பிரித்துப் பார்த்தார். "கல்லுப்பா? இதுன்னா இவளுக்கு உசுருங்க. ஆனா ஒரு கைப்பிடி போதும். பாப்பா கையில வைங்க, அவளே குடுக்கட்டும்." கரண்ட் போய் மோட்டார் ஓடவில்லை. வாளியில் தண்ணீர் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கி வருகிறேன் என்று அவர் போய்விட்டார். அந்த அம்மா அன்றைக்கு ஊரில் இல்லை.

அக்கா வலது கையை நீட்டினாள். அத்தனை மாதம் மூடிக் கிடந்த கையை விரித்து என் முன்னால் நீட்டினாள். நான் ஒரு பிடி உப்பை எடுத்துவிட்டேன். வைக்க முடியவில்லை. அண்ணன் உள்ளங்கையில் அம்மா வைத்த சிட்டிகை உப்பு என் கண்முன் வந்துவிட்டது. இவள் ஒருத்திதான் மிச்சம். வைக்கமாட்டேன் என்று, பையை அப்படியே கவிழ்த்துத் தீனித் தொட்டியில் கொட்டினேன். "நீயே எடுத்துக் குடும்மா" என்றேன்.

அவள் எடுப்பதற்குள் குதிரை தலையைத் தொட்டிக்குள் விட்டுவிட்டது. கறுக் கறுக் என்று மென்றது. என்ன ஆசையாகத் தின்றது தெரியுமா? நான் வாரிய உப்பு, என் கால் வெடிப்பில் எரிந்த உப்பு, ஒரு உயிர் அதை இப்படித் தின்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷத்தில் இழுக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுபடி இழுத்தாள். தொட்டியைக் காட்டினாள். "தின்னட்டும்மா, நம்மூரு உப்பு" என்றேன். குதிரைக்காரர் வரக் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு போனோம். கொட்டகை காலி. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திங்கட்கிழமை படுத்ததாம், வயிற்று வலியில் புரண்டதாம், புதன்கிழமை போய்விட்டதாம். "டாக்டர் வந்து பாத்தாரு. உப்பு ரொம்பத் தின்னிருக்கு, தண்ணி பத்தலன்னாரு. வயசும் ஆயிடுச்சுங்க. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குதிரைக்காரர்தான் கொட்டகைக்குள்ளிருந்து கத்தினார். "ஒரு கைப்பிடின்னு சொன்னேனேய்யா! தமிழ்லதானே சொன்னேன்? பாப்பா கையில வைன்னேனே!"

அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. விழவில்லை. "இன்னொரு குதிரை வாங்கப் போறோம். அவளைக் கூட்டி வர்றத மட்டும் நிறுத்தாதீங்க" என்றார் அந்த அம்மா. சரிங்க என்றேன்.

வேலி ஓரம் நின்ற அக்காவிடம் போனேன். "குதிரைய ஊட்டிக்கு அனுப்பிட்டாங்களாம்மா. அங்க குளிரா இருக்கும், நல்லா இருக்கும்" என்றேன். அவள் கவிழ்த்து வைத்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைக்காரர் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கும். நான் அதை யோசிக்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. மழை தூறியது. அதே கண்டக்டர். "என்ன மகாராணி, குதிரை என்னா சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனார். காலாப்பேட்டை தாண்டியதும் அக்கா பேசினாள். குரல் கரகரப்பாக, பெரிய மனுஷி குரல்போல இருந்தது.

"நீதானே கொட்டின."

அவ்வளவுதான். பத்து மாதம் அந்தக் குரலுக்காக நாங்கள் வேண்டாத சாமி இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. உப்பைத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தூக்கு வாளியைக் கொடுத்து அனுப்பியதும் என் நினைவுக்கு வந்தது. அதையும் ஒரு நாள் இதே குரலில் சொல்வாள் என்று பயந்தேன். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஜன்னல் ஷட்டரை இறக்கினேன். "சாரல் அடிக்குது பாரு" என்றேன். அவள் மடியில் இருந்த வலது கை மூடியிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னா, பேசினாளா?" என்று ஓடி வந்தாள்.

"பேசினா."

"என்னா சொன்னா? சொல்லு, என்னா சொன்னா?"

"தண்ணி கேட்டா."

அம்மா அழுதுகொண்டே உள்ளே ஓடிப்போய் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் இடது கையால் சொம்பை வாங்கி, தூக்கிப்பிடித்து, முழுவதையும் குடித்தாள்.

அந்த அம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், புதுக் குதிரை வந்துவிட்டது என்று. வேலை இருக்குது என்றேன். "மழையில அளமே முழுகிக் கெடக்குது, என்னா வேலை?" என்றாள் உங்கள் அம்மா. நான் கூட்டிப் போகவில்லை. அங்கே என் முகத்தைக் காட்ட முடியாது என்பதற்காக ஒரு பிள்ளையின் கை மூடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் சின்னவனே நீ பிறந்தாய். அக்கா உன்னைத் தொட்டிலில் ஆட்டினாள், பாட்டுக்கூடப் பாடினாள். ஆனால் நீ நடக்கக் கற்றுக்கொண்டபோது அவள் உன் கையைப் பிடித்து நடத்தியதே இல்லை. அக்கா ஏன் கையைப் பிடிக்கமாட்டாள் என்று நீ என்னைக் கேட்டாய். அவளுக்குப் பழக்கமில்லை என்றேன்.

பெரியவளே, இப்போது உன்னிடமே சொல்கிறேன். ஆமாம்மா, நான்தான் கொட்டினேன். மீன் வாங்க அனுப்பியதும் நான்தான்.

நான் சாப்பிட உட்காரும்போது உப்புக் கேட்டால், நீ கிண்ணத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போகிறாய். எங்கள் ஆட்கள் வழக்கம் அது, குறை சொல்ல முடியாது. கையில் வையம்மா என்று ஒரு நாள் கேட்டுவிட வேண்டும் என்று உள்ளங்கையை மடிமேல் விரித்தே வைத்திருப்பேன். நீ கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாய். நான் எட்டி எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவேன். இதுவரைக்கும் கேட்டதில்லை.