யாரும் சாப்பிடாத கேக்

எங்கள் குடும்பத்தில் ஜெர்மன் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சித்தப்பா; அவருக்கும் அரைகுறைதான். இன்னொருத்தி, அவர் ஜெர்மனியில் படிக்கப் போன இடத்தில் கட்டிக்கொண்ட சித்தி. சித்தப்பா ஆபீஸ் போய்விட்டால் தன் மொழியில் பேச ஆளில்லாமல் சித்தி மாவோடு பேசிக்கொண்டே மாவு பிசைவாள். நான் போய் நின்றால் தமிழுக்கு மாறுவாள். அதுவும் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்ட கோயம்புத்தூர்த் தமிழ். யாரிடம் 'ங்க' போட வேண்டும், யாரிடம் வேண்டாம் என்று பிடிபடாமல், வம்பே வேண்டாமென்று எல்லோருக்கும் போட்டுவிடுவாள். செம்பட்டை முடிக்காரி ஒருத்தி ஒன்பது வயதுப் பெண்ணான என்னிடம், "வாங்க கண்ணு, பள்ளிக்கூடம் விட்டாச்சுங்களா" என்று கேட்பதைப் பார்த்து, அமெரிக்காவில் நாங்கள் இருந்த எடிசன் ஊர்க் கடைத்தெருவில் நம் ஆட்கள் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

எடிசனில் ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீடுகள் எங்களுடையவை. எங்கள் வீட்டு ஓவனுக்குள் தோசைக்கல்லும் இட்லிக் குண்டாவும் குடியிருந்தன. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். ஓவன் என்றால் பாத்திரம் வைக்கிற அலமாரி. சித்தி வீட்டு ஓவன் மட்டும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அமெரிக்க ரொட்டியை அவள் பஞ்சு என்பாள். தனக்கு வேண்டிய ரொட்டியைத் தானே சுட்டுக்கொள்வாள். மாவு, சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் தராசில் வைத்துத்தான் போடுவாள். கண்ணளவில் ஊருக்கே சமைக்கும் அம்மாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பாக வரும். மருந்துக் கடையா வைத்திருக்கிறாய் என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு சித்தி வீட்டில் கேக்கும் காபியும். நாங்கள் எல்லோரும் போயாக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே போட்டுக்கொள்ள ஆளுக்கொரு கம்பளிச் செருப்பு தயாராக இருக்கும். பட்டப்பகலில் மேஜைமேல் மெழுகுவத்தி எரியும். கரண்டு இருக்கும்போது எதற்கு இது என்று அப்பா கேட்டதற்கு, வெளியே அவ்வளவு குளிராக இருக்கிறதே, உள்ளே நாம் எல்லோரும் இருக்கிறோமே, அதற்குத்தான் என்றாள். அந்தப் பதில் அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு துண்டுக்குக் குறையாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுவார்.

அவள் அதிகம் செய்தது ஒரு வெண்ணெய்க் கேக். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவைப் பெரிய தட்டில் பரப்பி, விரலால் குழி குழியாக அழுத்தி, ஒவ்வொரு குழியிலும் ஒரு வெண்ணெய்த் துண்டை வைத்து, மேலே சர்க்கரையும் சீவிய பாதாமும் தூவி ஓவனுக்குள் தள்ளுவாள். குழி அழுத்துவது என் வேலை. இரண்டு வயது நிறையாத தம்பி, சித்தியின் மகன், உயரநாற்காலியில் உட்கார்ந்து தட்டில் சிந்திய சர்க்கரையை நக்கிக்கொண்டிருப்பான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு விடிந்தபோது முழங்காலளவு பனி கிடந்தது. சித்தப்பா தன் வாசலை அள்ளி முடித்துவிட்டு எங்கள் வாசலையும் அள்ளினார். அப்பாவுக்கு முதுகுவலி. அப்பாவின் முதுகு பனி பெய்கிற நாளில் மட்டும்தான் வலிக்கும் என்று அம்மா கேலி செய்வாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் அந்தக் கேலியைச் செய்ததே இல்லை.

அள்ளி முடித்து உள்ளே போன சித்தப்பா பூட்ஸோடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். தோள்பட்டை வலிக்கிறது என்றாராம். முதலில் பூட்ஸைக் கழற்றுங்கள் என்று சித்தி அதட்டியிருக்கிறாள். அவர் கழற்றவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பதுகூட ஆகவில்லை அவருக்கு.

மத்தியானம் அந்த வீட்டைப் பூட்ட அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கான மாவு கவனிப்பாரில்லாமல் கிண்ணத்தைத் தாண்டிப் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. அம்மா அதைக் கையால் வழித்துக் குப்பைப் பையில் போட்டாள். போடும்போதுதான் முதன்முதலாக அழுதாள்.

டாலஸிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை அப்பாவுக்கும் மூத்தவள். டெக்சாஸில் இருபது வருஷம் இருந்தும் ஊர் வழக்கத்தில் ஒரு இழைகூட விடாதவள். தாத்தாவுக்கு அவசரத்தில் விசா கிடைக்கவில்லை; அதனால் என்ன, ஊர் மொத்தமும் அத்தை உருவத்தில் வந்துவிட்டது. போனில் அத்தை குரல் கேட்டாலே எழுந்து நின்று பேசுகிற அம்மா, அந்த நாட்களில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

தகனத்துக்கு முதல்நாள் அப்பா எங்கள் ஹாலில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வருவாங்களா மாமா? எங்கூர்ல பண்ற மாதிரி நான் கேக் பண்ணட்டுங்களா?"

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். சித்தி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஃப்யூனரல் ஹோமில் கடைசியாகப் பார்த்த பிறகு, ஆண்கள் மட்டும் தகனம் செய்கிற இடத்துக்குப் போனார்கள். சித்தி தானும் வருவதாகச் சொன்னாள். பொம்பளைகள் அங்கே போகிற வழக்கமில்லை என்று அத்தை முடித்துவிட்டாள். ஆனால் தம்பி சித்தப்பாவுக்கு மகனாயிற்றே, அவன் போக வேண்டும். கொள்ளி வைப்பதற்குப் பதிலாக அவன் விரலைப் பிடித்துத் தகன மேடையின் பொத்தானை அமுக்குவதற்காக அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். பெற்றவள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள், பால்குடி மறக்காத பிள்ளை சுடுகாட்டுக்குப் போயிற்று. எங்கள் வழக்கங்களின் அழகை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

அத்தையும் அம்மாவும் தலைக்குக் குளிக்க எங்கள் வீட்டுக்குப் போனார்கள். சித்தியைத் தனியாக விட வேண்டாம் என்று என்னை அவளோடு அனுப்பினார்கள். சித்தியும் குளித்தாள். ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போய், குளிரில் வைத்திருந்த மாவுக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். இரண்டு பெரிய தட்டுகளில் பரப்பினாள். என்னைக் கூப்பிட்டு, நன்றாக அழுத்துங்கள் கண்ணு என்றாள். நான் பாட்டுக்கு எல்லா ஞாயிறும் அழுத்துவதுபோல அழுத்தினேன். முட்டை போடவில்லையாம், துக்க வீட்டில் முட்டை ஆகாது என்று சித்தப்பா எப்போதோ சொல்லியிருந்தாராம். பாவம், அவர் அந்த ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்.

"எங்கூர்ல கல்யாணத்துக்கும் இதே கேக்குதான், எழவுக்கும் இதே கேக்குதாங்க கண்ணு," என்றாள். "பொதைச்சுட்டு வந்து எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடோணும். செத்தவரைப் பத்திப் பேசுவாங்க. மொதல்ல அழுவாங்க, அப்புறம் சிரிச்சுப்போடுவாங்க. ஒருத்தரும் வந்து சாப்பிடலைன்னா, அந்த மனுசன் ஒருத்தருக்கும் வேண்டாதவர்னு அர்த்தம்."

நாளைக்கு என்ன ஆகும் என்ற யோசனைகூட அவளுக்கு அப்போது இல்லை. சித்தப்பாவை நேசித்தவர்கள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த நாற்காலிகள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள். தட்டும் கோப்பையும் வைத்தாள். காபி போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றினாள். ஓவனிலிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் உருகுகிற வாசனை மாடிவரை போயிற்று. பிறகு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். நானும் நின்றேன்.

கார்கள் வந்தன. முதல் காரிலிருந்து, தோளில் தூங்கும் தம்பியோடு அப்பா இறங்கினார். பின்னால் வந்த கார்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. சித்தப்பாவின் ஆபீஸ் நண்பர்கள், வாரத்துக்கொரு தரம் இந்த வீட்டில் சீட்டாடியவர்கள், ஒருவர்கூட இறங்கவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. சுடுகாட்டிலிருந்து வருகிறவன் நேரே தன் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும். போய்வருகிறேன் என்று சொல்லவும் கூடாது. அது சித்திக்குத் தெரியாது. "ஏனுங்க கண்ணு போறாங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியாது. மேஜையில் இடமிருக்காது என்று நினைத்துவிட்டார்கள்போல என்றேன்.

அதற்குள் அத்தை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள். பின்னால் அம்மா, யாரோ கொடுத்தனுப்பிய சாம்பார் சாதத்தை ஏந்திக்கொண்டு. இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, வெளியிலிருந்து வருவதைத்தான் சாப்பிட வேண்டும், இனிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓவனும் அடுப்புதானா என்று எங்கள் முன்னோர் யாரும் யோசித்து வைத்திருக்க நியாயமில்லை. அத்தைக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. அவள் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"அங்க எந்தம்பியை நெருப்புல வெச்சிருக்காங்க. இங்க நீ நெருப்பு மூட்டிப் பலகாரம் சுட்டுட்டு இருக்கறயா?"

சித்தி ஓவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் அதை அப்படி நினைத்தே பார்த்திருக்க மாட்டாள். இனி நினைக்காமல் இருக்கவும் முடியாது.

"யாரைக் கேட்டுப் பண்ணுன?" என்றாள் அத்தை.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சித்தி அவரைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அப்பா குனிந்து தன் ஷூவிலிருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷூவில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை.

"யாரையும் கேக்கலைங்க. நானாத்தான் பண்ணுனேன்," என்றாள் சித்தி.

அப்பா தலையாட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். துக்கத்தில் சித்திக்கு அது மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை தட்டுகளை மேஜையிலிருந்து அகற்றச் சொன்னாள். சித்தி அழவில்லை. இரண்டு தட்டுகளையும் அலுமினியத் தாளால் மூடி, கராஜில் கொண்டுபோய் வைத்தாள். குப்பை வண்டி வரும்போது போட்டுவிடலாம் என்று அம்மா மெல்லச் சொன்னாள். சித்தி தம்பியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். யாரும் உட்காராத நாற்காலிகளை அம்மாவும் நானும் திருப்பி வைத்தோம்.

விளக்குப் போடுகிற நேரத்தில், அப்பாவைச் சாப்பிடக் கூட்டிவரும்படி அம்மா என்னை அனுப்பினாள். ஹாலில் இல்லை, மாடியில் இல்லை. சித்தி வீட்டுக் கராஜில் வெளிச்சம் தெரிந்தது. அப்பா அங்கே, குளித்த ஈரம் காயாத தலையோடு, கோட்டை மாட்டிக்கொண்டு நின்று, மூடியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, கேக்கைக் கையால் பிய்த்துப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டிருந்தார். மென்று முடிக்குமுன் அடுத்ததைப் பிய்த்தார். மூச்சு வாங்கியது. மீசையெல்லாம் சர்க்கரை. தட்டில் பாதிக்கு மேல் காலி.

"பசிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

வாயில் இருந்ததை விழுங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆமா கண்ணு, ரொம்பப் பசி," என்றார். விக்கல் எடுத்தது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கராஜில் குளிர் அப்படி.

சித்தியின் விசா சித்தப்பாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் போனதும் அதுவும் போயிற்று. தம்பி இங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன்; அவன் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், அவன் அம்மாதான் இருக்கக் கூடாது. வக்கீலும் கைவிரித்த பிறகு, பனி கரையும் முன்பே சித்தி பெட்டி கட்டினாள். அத்தை அஸ்தியை ஊருக்கு எடுத்துப்போனாள். அதில் ஒரு பிடி கேட்டதற்கும் வழக்கமில்லை என்ற பதில்தான் சித்திக்குக் கிடைத்தது.

நுவார்க் விமான நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும்தான் வழியனுப்பப் போனோம். அப்பா தள்ளுவண்டியில் பெட்டிகளை இப்படியும் அப்படியுமாக மாற்றி மாற்றி அடுக்கினார். அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டு, மன்னித்துவிடு என்று அழுதாள். சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"உங்க மேல கோவமில்லைங்கக்கா," என்றாள். "ஆனா அவருக்காக ஒருத்தராவது ஒரு துண்டு சாப்பிட்டிருக்கலாம்."

அப்பா பெட்டியின் பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் குனிந்து மேல்பெட்டியை மறுபடி இறக்கி வைத்தார்.

அப்பா சாப்பிட்டாரே சித்தி என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. உடனே யோசித்தேன். அப்பா அன்றைக்குக் காலையிலிருந்து பட்டினி. பசிக்குச் சாப்பிட்டது சித்தப்பாவுக்காகச் சாப்பிட்டதில் சேராது. சித்தி கேட்பது அதுவல்ல என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, தம்பிக்கு டாட்டா காட்டினேன்.