பேனா எழுதாத ஒன்பது ஆண்டுகள்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத வேண்டும் என்று தம்பி கேட்டுக்கொண்டான். முயல்கிறேன்.

கம்மாபுரம் பக்கத்தில், இன்று பத்திரங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு சிற்றூரில் அப்பா பிறந்தார். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, ஓரமாக இரண்டு கிறித்தவக் குடும்பங்கள். இவ்வளவுதான் ஊர். ஒருவன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனால் அது ஒரு தலைக்கட்டு. எந்தத் தெருவில் எத்தனை தலைக்கட்டு என்று ஒரு நோட்டில் எழுதி வருவது அப்பாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல, தாமே எடுத்துக்கொண்டது. அவருக்கு முன்பிருந்தவர்கள் காலனியை எண்ணியதே இல்லை. "அவங்கல்லாம் மனுசங்க இல்லியா?" என்று கேட்டு, அப்பாதான் எல்லாரையும் சேர்த்து எழுதினார். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

பிறகு ஊர் நிலமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. அப்பாவுக்கு மைன்ஸில் வேலை கிடைத்தது. பர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வந்தது. வீடு ஒதுக்கியவருக்கு எங்கள் ஊர்த் தெருவெல்லாம் தெரியுமா என்ன! மேலத்தெருக்காரர்களான நாங்கள் கீழ்வீட்டில், நான் மாமா என்று கூப்பிடும் காலனிக்காரர் குடும்பம் எங்கள் தலைக்கு மேலே மாடியில். அவர்கள் காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் தினமும் அப்பாவின் வழுக்கையில் சொட்டும். "ஊரே தலைகீழாப் பூடுச்சிடி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். நோட்டில் மட்டும் தெருக்கள் பழைய இடத்திலேயே இருந்தன.

அந்த மாடி வீட்டுப் பிள்ளையைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அப்பா கல்யாணத்துக்கு வந்தார், மூன்று தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆனால் எங்கள் தலைக்கட்டை நோட்டில் ஏற்றவில்லை. கணவர் தெருவில் எழுதுவதுதான் வழக்கம்.

"காலனியிலயே எழுதுங்கப்பா, அதுல என்ன இருக்குது?" என்றேன்.

"எழுதாம எங்க போறேன்? பேனா எழுத மாட்டங்குதும்மா."

அன்று காலைதான் கீழத்தெருப் பையன் ஒருவனின் தலைக்கட்டை அதே பேனா அழகாக எழுதியிருந்தது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு ஒரு புதுப் பேனா வாங்கிக் கொடுத்தேன். மறு தீபாவளிக்கு இன்னொன்று. ஒன்பது தீபாவளி, ஒன்பது பேனா. "ரீபில் சரியில்ல", "மை திட்டுத்திட்டா வருது", "கண்ணாடிய மாத்தணும்". மகளைக் காலனியில் எழுத அவருக்குக் கை வரவில்லை, அதைச் சொல்ல வாயும் வரவில்லை. ஊரையே எண்ணியவர் என்னை எண்ணவில்லையே என்று நான் அழுததும் உண்டு.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியவர் என் வீட்டுக்காரர்தான். "ஊத்துங்க மாப்ள. உங்க வூட்டுத் தண்ணி என் தலைக்குப் பழக்கந்தான்" என்று அப்போதும் கேலி.

காரியம் முடிந்த மறுநாள் நோட்டைத் திறந்தேன். காலனிப் பக்கத்தில் நாங்கள் இல்லை. மேலத்தெருவில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அப்பாவின் பெயர். கடைசிப் பக்கத்தில், நான் கடைசியாகக் கொடுத்த பச்சைப் பேனாவில், கோணல் எழுத்தில் ஒரு தலைப்பு: புதுத்தெரு. முதல் தலைக்கட்டாக என் பெயரும் வீட்டுக்காரர் பெயரும். இரண்டாவது, அப்பா.

ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்து துணையிருந்த ஷிப்ட் நண்பர்களுக்கும், ரிட்டயரான பிறகு அப்பா குடியிருந்த மந்தாரக்குப்பத்து வீட்டுக்கு வந்து தோள் கொடுத்த எல்லாத் தெரு உறவுகளுக்கும் எங்கள் நன்றி. நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. புதுத்தெருவில் இடம் நிறைய உண்டு. மாறிக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். பேனா நன்றாகவே எழுதுகிறது.

— மகள்