வெள்ளக்கோட்டைத் துடைத்த அக்கா

ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி லாண்டரியில் கறை எடுத்தவருக்கு ஓய்வு கொடுத்தால், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஓய்வு போய்விடும். லாண்டரி அக்கா வேலையை விட்டு வந்த முதல் மாதத்திலேயே திரைச்சீலைகள் நிறம் போயின, தலையணை உறைகள் நைந்தன, கணவரின் ஒரே நல்ல சட்டை காலர் தேய்ந்து பல்லிளித்தது. அவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்களிடம் காட்டும் அதே பொறுமையோடு, ஊர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் தேடுகிறார்களாம், ஒரு எட்டு போய்ப் பாரேன் என்றார்.

போனார், போன அன்றே ஒட்டிக்கொண்டார். பழைய தண்ணீர் வாரிய அலுவலகம்தான் அருங்காட்சியகம், மேலே நாலு அறை, கீழே ஒரு கூடம். ஊரின் முதல் பேருந்து ஹாரன், மூடிப்போன அச்சகத்தின் எழுத்துக் கட்டைகள், யாரோ ஒரு பல் டாக்டர் காலால் மிதித்துப் பல் குடைந்த மெஷின் என்று எல்லாம் அக்காவின் கைபட்டுப் பளபளத்தன. திங்கட்கிழமை பார்வையாளர்கள் கிடையாது, அன்றுதான் துடைப்பு. ஞாயிறு இரவே அக்காவுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். சம்பளம் கொடுத்த காலத்தில்கூட நீ இப்படிப் பறந்ததில்லையே என்று கணவர் கிண்டல் செய்வார். அது உண்மைதான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், இப்போதுதான் அதைப் பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

அப்படியொரு திங்கட்கிழமைதான் அந்தக் கதவு வந்தது.

ஆறு ஊருக்குள் புகுந்த வருஷத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள், சனிக்கிழமை திறப்பு. ஆற்றோரத் தெருவில் இடித்த தையல்கடையின் கதவை நடுவில் நிறுத்துவது ஏற்பாடு. அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வயதில் சின்னவர், வேலையில் கறார். கதவு கூடத்தில் சுவரோடு சாய்ந்திருந்தது. மேல்பாதி பச்சை வண்ணம். நெஞ்சு உயரத்திலிருந்து கீழே ஒரே பழுப்பு, அந்தப் பழுப்புக்குக் கோடு போட்டதுபோல ஒரு விளிம்பு.

அக்கா பார்த்தார். இப்படி அழுக்கோடா நாலு பேர் பார்க்க வைப்பது என்று நினைத்தார். அவ்வளவுதான், வாளி வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் வினிகர், பல் தேய்க்கிற பிரஷ். மரம் நோகாமல் நரம்பு வாக்கில் தேய்த்தார். பாடிக்கொண்டே தேய்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதியத்துக்குள் கதவு புதுப்பெண் மாதிரி நின்றது. பொறுப்பாளர் வந்து பார்த்துப் பாராட்டப் போகிறார் என்று வாயெல்லாம் பல்லாகக் காத்திருந்தார்.

பொறுப்பாளர் வந்தார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பழுப்புதான் கண்காட்சியே. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதற்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே கோடு அது. மற்ற வீடுகளையெல்லாம் இடித்துக் கட்டிவிட்டார்கள், இல்லாவிட்டால் வெள்ளையடித்துவிட்டார்கள். பொறுப்பாளர் கத்தியிருந்தால் அக்காவும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவர் கத்தவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கக்கா. தேவைன்னா நாங்களே கூப்பிடறோம்" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். லாண்டரியில் யாரை இனிமேல் சேர்க்கக்கூடாது என்று முடிவு செய்தாலும், அக்காவே இதே வார்த்தைகளைத்தான் சொல்லி அனுப்புவார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஏன் கை தானாகப் போனது என்று அவருக்கே விளங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த போர்வை, பாவாடை, குழந்தைத் துணி எல்லாவற்றிலும் இதே பழுப்பு. வாரக்கணக்கில் அதைத்தான் அலசினார்கள். நகக்கண்ணிலெல்லாம் அந்தச் சேறு. அந்த நிறத்தைப் பார்த்தாலே அவருக்குப் பிடிக்காது. ஆற்றின்மேல் இருந்த கோபத்தைக் கதவின்மேல் காட்டியிருக்கிறார்.

அழுது தீர்த்த பிறகு லாண்டரி மூளை வேலை செய்தது. கறையை மனுஷர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் துடைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எந்தக் கை போகும்? மறுநாள் காலையிலேயே அக்கா தபால்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவரும் அருங்காட்சியகத் தன்னார்வலர். ஆற்றோரத் தெருவுக்குத்தான் காலமெல்லாம் தபால் கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும், இதுக்குத்தானே நான் ஓய்வு பெற்றேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரண்டு பேரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். தண்ணீர் வந்தபோது இருந்த சாமான், அன்றிலிருந்து நகர்த்தாத சாமான், அதற்குப் பின்னால் பார்க்க வேண்டும், இதுதான் கணக்கு. முதல் வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. அதன்பிறகு தெருவே பீரோவை நகர்த்த ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வாங்க, எங்கள் வீட்டுக்கு வாங்க என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். தொலைந்துபோன சாவிகள் கிடைத்தன. ஒரு வீட்டில் மாமியாரின் மூக்குக்கண்ணாடி கிடைத்து, மருமகள்மேல் இருந்த பழி நீங்கியது. கோடு மட்டும் கிடைக்கவில்லை. அக்கா ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து, இது டீ, இது துரு, இது தலையெண்ணெய் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம், கால் ஓய்ந்துபோய் சலூன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒருவருக்குப் பாதி முகம் ஷேவ் ஆகியிருந்தது. அக்கா கண்ணாடியைச் சும்மாதான் பார்த்தார். சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. கீழ்ப்பகுதியில் ரசம் கறுத்துத் திட்டுத்திட்டாக இருந்தது. மேலே சுத்தம். கறுப்பு ஒரே மட்டத்தில் நின்றிருந்தது.

எழுந்து கண்ணாடிக்குக் கிட்டப் போனார். இது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். தண்ணீர் வந்ததிலிருந்துதான் என்றார் சலூன்காரர். கண்ணாடி அப்பா மாட்டியது. அன்றைக்குக் கழற்ற முடியாமல் விட்டுவிட்டு ஓடினாராம். பிறகு முன்பக்கம் துடைத்து, சுற்றிலும் பெயிண்ட் அடித்ததோடு சரி.

கழற்றலாமா என்றதும் சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா ஞாபகமாக இருப்பது இது ஒன்றுதான், விரிசல் விட்டால் தன்னால் தாங்க முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா சாக்கு எதுவும் சொல்லவில்லை.

"இருந்த ஒரே கோட்டையும் நான்தான் தேய்ச்சு அழிச்சுட்டேன். இங்கயும் இல்லைன்னா, உங்கப்பா எதுக்கு பயந்து ஓடினாருன்னு காட்ட இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல."

சலூன்காரர் கண்ணாடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

திருகுகள் துருவேறி முரண்டு பிடித்தன. ஒரு முனையைத் தபால்காரர் தாங்கினார். மறுமுனைக்கு ஆளில்லாமல், பாதி ஷேவ் ஆனவர் சோப்பு நுரையோடு எழுந்து வந்து தோள் கொடுத்தார். வாசலில் தெருவே நின்றது. மெதுவா, மெதுவா என்று சொன்னவர்களில் ஒருவரும் உள்ளே வரவில்லை. கண்ணாடி இம்மியும் பிசகாமல் இறங்கியது. திருப்பி வைத்தார்கள்.

பின்பலகை முழுக்கச் சேறு காய்ந்து தோலாய்ப் படிந்திருந்தது. அதில் வைக்கோல் துணுக்கு, மணல், ஒரு சின்ன இலையின் நரம்பு. மேலே, நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சலூன்காரரைக் கட்டிப்பிடிக்கப் போய், நடுவழியில் சுதாரித்து, பக்கத்தில் நின்ற பெண்ணைக் கட்டிப்பிடித்தார்.

செய்தி கேட்டுப் பொறுப்பாளர் ஓடிவந்தார். பலகையைப் பார்த்துவிட்டு முதலில் சுவரில் இருந்த திருகு ஓட்டைகளை வைத்துத் தரையிலிருந்து கோட்டின் உயரத்தை அளந்து, சுவரில் பென்சிலால் குறித்து, படம் பிடித்தார். தச்சர் வந்து கண்ணாடிக்குப் புதுப் பலகை போட்டுக்கொடுத்தார், பழையதைப் பொறுப்பாளர் கண்காட்சிக்கு வாங்கிக்கொண்டார். போகும்போது பொறுப்பாளர் அக்காவிடம், சனிக்கிழமை வந்து பலகை பக்கத்தில் நில்லுங்கள், யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திரும்ப வாருங்கள் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு மட்டும்தானா என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை கூடம் கொள்ளாத கூட்டம். ஆற்றோரத் தெரு மொத்தமும் வந்திருந்தது. சலூன்காரர் தன் பலகையைப் பார்க்க உறவு முறையெல்லாம் கூட்டி வந்திருந்தார். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். தன் கையை நம்ப அவரே தயாராக இல்லை.

நல்ல புடவை கட்டிய ஒரு அம்மாள் கோட்டருகே குனிந்தார். அடடா, இங்கே கொஞ்சம் மண் ஒட்டியிருக்கிறதே என்று கைக்குட்டையின் நுனியை நாக்கில் ஈரமாக்கிக் கொண்டுபோனார். அக்காவின் கை முதுகிலிருந்து பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது.

"தொடாதீங்கம்மா. அது அழுக்கு இல்ல, ஆறு."

அந்த அம்மாள் கைக்குட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். எதிர்ச்சுவரோரம் நின்றிருந்த பொறுப்பாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"திங்கக்கிழமை வந்துடுங்கக்கா. வாளியை மட்டும் வீட்டுலயே வெச்சுடுங்க."

அக்காவால் அடக்க முடியவில்லை. கண்ணீர் பலகையின்மேல் தெறித்துவிடப் போகிறதே என்று நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு அழுதார்.