பனிக்கட்டி உருகிய மதியம்

எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம், உயிரணுவின் மேற்பரப்பில் ஒட்டிய பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. அவரை விதையிலிருந்து எடுத்த அந்தப் புரதத்தில் ஒளிரும் பச்சைச் சாயம் ஏற்றி, எலியின் வெள்ளை அணுக்களோடு கலந்து, பனிக்கட்டியில் வைப்பேன். நுண்ணோக்கியில் ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் பச்சை வளையம் தெரியும்.

ஒரு மே மாத மதியம் கரண்ட் போய், மூன்று மணி நேரம் வரவில்லை. பனிக்கட்டி உருகி, சோதனைக் குழாய்கள் வெதுவெதுப்பாகிவிட்டன. எல்லாவற்றையும் கொட்டப் போனேன். பக்கத்து மேசையில் வேலை செய்த வங்காளித் தோழி என் கையைப் பிடித்தாள்.

"ஒரு தடவை பார்த்துட்டுக் கொட்டு."

கரண்ட் வந்ததும் பார்த்தேன். வளையத்தைக் காணோம். பச்சையெல்லாம் பொட்டுப் பொட்டாக அணுவுக்குள் இருந்தது. குளிரில் மேலேயே ஒட்டியிருந்த புரதத்தை, சூடு ஏறியதும் அணு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. படித்த விஷயம்தான், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் திரும்பச் செய்து பார்க்க ஆய்வகத்தில் ஐஸ் இல்லை; சந்தை மீன்காரரிடம் போய்க் கேட்டேன். அங்கே அக்காவைத் தீதி என்றும் அண்ணனைத் தாதா என்றும் அழைப்பார்கள்.

"மீன் வேண்டாமா தீதி?"

"எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை தாதா."

பாவப்பட்டு இன்னொரு கட்டி போட்டார்.

தோழியும் நானும் பாதிக் குழாய்களை ஐஸில் வைத்தோம், பாதியை மேசைமேல். ஐஸில் இருந்தவற்றில் வளையம், மற்றவற்றில் பொட்டுகள். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியவில்லை.